திருகோணமலையில் தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தொண்டு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். நிதி முடிந்து அதன் திருகோணமலை அலுவலகம் மூடப்பட்ட பின்னர், சிறு தொழில்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது, கணக்குகளை ஒழுங்குபடுத்துவது, நடந்து முடிந்த செயற்றிட்டங்களை மதிப்பிடுவது ஆகியவற்றைத் தனித்தொழிலாகச் செய்து வருகிறேன். இதே வழியில் வர நினைப்பவர்கள், குறிப்பாக வளாகத்தில் படிப்பை முடித்த இளையவர்களும் ஓய்வுபெற ஓரிரு ஆண்டுகளே உள்ள உத்தியோகத்தர்களும், என்னிடம் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். வரி பற்றிய எண்கள் 2025/26 வரிமதிப்பாண்டுக்குரியவை. வரவுசெலவுத் திட்டத்தோடு அவை மாறக்கூடும்.

ஆலோசகருக்கு இந்த மாவட்டத்தில் உண்மையில் என்ன வேலை இருக்கிறது?

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும் இங்கே குவிந்திருந்த சர்வதேச நிறுவனங்களின் காலத்தை நினைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் ஏமாறுவார்கள். அன்று ஆய்வறிக்கைக்கும் பயிற்சிப்பட்டறைக்கும் ஆள் தேடி அலைந்தார்கள். இன்று அந்த வேலைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. எஞ்சியிருப்பவை சிறியவை, ஆனால் நிலையானவை. நிலாவெளியில் எட்டு அறை விடுதி நடத்துபவருக்கு வங்கி ஏற்றுக்கொள்ளும் கணக்கு வேண்டும். கிண்ணியாவில் தயிர் உற்பத்தி செய்பவருக்குக் குளிரூட்டி வாங்கக் கடன் வேண்டும், அதற்குத் திட்ட அறிக்கை வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு ஐஸ் ஆலை கட்டினால் கட்டுபடியாகுமா என்று தெரிய வேண்டும். ஒப்பந்தகாரருக்குக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) நிரப்பித் தர ஆள் வேண்டும். கனடாவில் இருந்துகொண்டு உப்புவெளியில் காணி வாங்கியவருக்கு, அதில் என்ன செய்யலாம் என்று நேர்மையாகச் சொல்ல ஒருவர் வேண்டும். கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் இங்கேயே இருப்பதால் மாகாணத் திணைக்களங்களின் பயிற்சி வேலைகளும் இடைக்கிடை வரும்.

எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும்? பட்டம் போதாதா?

பட்டம் உங்களை உள்ளே அழைத்து உட்காரச் செய்யும், அவ்வளவுதான். ஆண்டுகளின் எண்ணிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை. பத்து ஆண்டுகள் ஒரே படிவத்தை நிரப்பியவரும் உண்டு. மூன்றே ஆண்டுகளில் ஒரு அரிசி ஆலையின் வரவு செலவை நெல் கொள்வனவு முதல் தவிட்டு விற்பனை வரை கற்றுக்கொண்டவரும் உண்டு. உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். "என்னிடம் வந்தால் இந்த ஒரு தலைவலி தீரும்" என்று உங்கள் வேலையை ஒரே வாக்கியத்தில், உங்கள் தாயாருக்கு விளங்கும்படி சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "நிறுவன அபிவிருத்தி, திறன் மேம்பாடு, ஒருங்கிணைப்பு" என்று பெயரட்டையில் அச்சிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. எதற்காகத் தேடி வருவது என்று யாருக்கும் தெரியாது.

தெரிந்தவர்கள் எல்லோரும் இலவசமாகவே கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

இந்தக் கேள்விக்கு விடை காண முடியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் இந்த ஊரில் ஆலோசனைத் தொழில் நடத்த முடியாது என்பது என் முடிவு. கொழும்பில் வாடிக்கையாளரும் ஆலோசகரும் அறிமுகமற்றவர்களாகச் சந்தித்துக் கடதாசியில் கையெழுத்திட்டுப் பிரிகிறார்கள். திருகோணமலையில் உங்களிடம் வருபவர் உங்கள் பள்ளித் தோழராகவோ, மைத்துனரின் பங்காளியாகவோ, பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் உங்களோடு உபயம் செய்பவராகவோ இருப்பார். நம்மிடையே அறிவுரை என்பது காலங்காலமாகக் காசில்லாமல் கைமாறி வந்த பொருள். பெரியவர்கள் சொல்வார்கள், சிறியவர்கள் கேட்பார்கள், தேநீரோடு முடிந்துவிடும். அதற்கு விலை போடுபவரை முதலில் வியப்போடும், பிறகு சற்று வருத்தத்தோடும் பார்ப்பது இயல்பே.

தொடங்கிய முதல் ஆண்டில் நான் யாரிடமும் காசு கேட்கவில்லை, அல்லது கேட்டதை மென்று விழுங்கினேன். ஆண்டு இறுதியில் நாட்குறிப்பை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, செய்த வேலைநாட்களில் பாதிக்கு மேல் ஒரு சதமும் வராதவையாக இருந்தன. அதைவிட உறுத்திய விடயம் ஒன்று உண்டு. இலவசமாகச் சொன்ன ஆலோசனைகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் பின்பற்றவே இல்லை.

இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான். முதல் பேச்சு, தேநீர் முடியும் வரை, யாருக்கும் இலவசம். பேனாவும் கடதாசியும் எடுக்க வேண்டிய நிலை வந்ததும் அது வேலை. "தம்பி, இந்தப் பேப்பரை ஒருக்காப் பாத்துச் சொல்லும்" என்று ஒருவர் கட்டாக நீட்டினால், "பாக்கிறன் அண்ணை. இது ரெண்டு நாள் வேலை. நாளைக்கு ஒரு கடிதம் தாறன், தொகையைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் தொலைபேசியில் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டால், அந்த மறுநாள் வருவதே இல்லை.

நெருங்கிய உறவுகளுக்கு ஒன்றில் முழுமையாக இலவசம், அல்லது முழுக் கட்டணம். பாதிக் கட்டணம் என்ற ஏற்பாட்டை மட்டும் செய்யாதீர்கள். கொடுத்தவர் காசு கொடுத்துவிட்டதாக நினைப்பார், நீங்கள் உதவி செய்ததாக நினைப்பீர்கள், இரண்டு மனக்கணக்கும் ஒருபோதும் ஒத்துவராது. இலவசமாகச் செய்வதானாலும் கட்டணப் பட்டியலில் முழுத் தொகையை எழுதி, அதன் கீழ் கழிவு என்று அதே தொகையைக் குறித்துக் கொடுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு நன்றாகப் பொருந்தும்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது?

பெரும்பாலானோர் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாத வேலைநாட்களான 22ஆல் வகுத்து நாட்கட்டணம் என்று வைத்துக்கொள்கிறார்கள். மாதம் 150,000 ரூபா வாங்கியவருக்கு அது ஏறத்தாழ 6,800 ரூபா வரும். அந்தக் கட்டணத்தில் வேலை செய்பவர் ஒரு ஆண்டுக்குள் மீண்டும் வேலை தேடத் தொடங்குவார். எங்கே பிழை என்று பார்ப்போம்.

உங்கள் பழைய முதலாளி சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் தன் கையிலிருந்து கட்டினார். இனி அதை நீங்களே உங்களுக்குச் சேமிக்க வேண்டும். ஆகவே மாதம் 172,500, ஆண்டுக்கு 2,070,000 ரூபா. மடிக்கணினித் தேய்மானம், இணையம், அச்சு, உள்ளூர்ப் போக்குவரத்து என்று ஆண்டுக்கு 300,000 ரூபா சேர்த்துக்கொண்டால் 2,370,000. இப்போது நாட்களை எண்ணுங்கள். 365இல் சனி ஞாயிறு 104ஐயும், போயா தினங்கள் உட்பட விடுமுறைகளாக ஏறத்தாழ 25ஐயும், நோய்க்கும் நன்மை தீமைக்கும் 20ஐயும் கழித்தால் 216 மிஞ்சும். அந்த 216இலும் பாதி நாட்கள் வாடிக்கையாளரைச் சந்திக்கவும், முன்மொழிவு எழுதவும், காசோலைக்கு அலையவும் போய்விடும். கட்டணம் அறவிடக்கூடிய நாட்கள் 110 அளவில்தான் இருக்கும். 2,370,000ஐ 110ஆல் வகுத்தால் 21,500 ரூபாவுக்குச் சற்றுக் கூட வருகிறது. முதலில் நினைத்ததன் மூன்று மடங்குக்கும் மேல்.

இந்தத் தொகையைக் கேட்டதும் வாடிக்கையாளரைவிட நீங்கள்தான் அதிகம் திடுக்கிடுவீர்கள். சொல்லும்போது குரல் இறங்கும், "கூட எண்டால் குறைக்கலாம்" என்று கேட்காமலே வாய் சேர்த்துச் சொல்லிவிடும். தொகையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகுவது இந்தத் தொழிலின் தனித் திறமை. எனக்கு அதற்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. தொகை கட்டாது என்று ஒருவர் சொன்னால் கட்டணத்தைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். ஐந்து நாள் வேலையை மூன்று நாள் வேலையாக்கி, எதை விட்டுவிடுகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். சிறு வாடிக்கையாளர்களுக்கு நாட்கட்டணத்தைக் காட்டாமல் மொத்த வேலைக்கு ஒரு தொகை சொல்வதே நல்லது.

விலைக்கடிதத்தில் அது எத்தனை நாட்களுக்குச் செல்லுபடியாகும் என்று எழுதத் தவறாதீர்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தாண்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. போக்குவரத்தையும் உள்ளடக்கிய ஓராண்டு ஒப்பந்தம் ஒன்றில் நான் கையெழுத்திட்டிருந்த ஆண்டும் அதுதான். எரிபொருள் வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலில் வெருகல் வரை போய் வந்த ஒவ்வொரு பயணத்துக்கும் நான் என் சேமிப்பிலிருந்தே கொடுத்தேன். அதன் பிறகு போக்குவரத்துச் செலவைத் தனியாகவே அறவிடுகிறேன்.

நம்பிக்கையானவர்களிடமும் எழுத்துமூல ஒப்பந்தம் கேட்க வேண்டுமா?

வேண்டும். ஒன்றிரண்டு பக்கக் கடிதம் போதும். என்ன செய்வீர்கள், என்ன செய்யமாட்டீர்கள், எப்போது கொடுப்பீர்கள், அவர்கள் எந்த ஆவணங்களை எப்போது தர வேண்டும், தொகை எவ்வளவு, எத்தனை தவணை என்பன அதில் இருக்க வேண்டும். "செய்யமாட்டேன்" என்ற பகுதியைத் தயக்கத்தால் விட்டுவிடுபவர்கள் அதிகம். திட்ட அறிக்கை எழுத ஒப்புக்கொண்டவரிடம் வங்கி முகாமையாளரைப் பார்த்துப் பேசவும், பிறகு அயல் காணிக்காரரின் எல்லைத் தகராறைத் தீர்க்கவும் கேட்பார்கள் என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

திருத்தங்கள் இரண்டு தடவைக்கு மட்டும் என்றும், வரைவு அறிக்கையைக் கொடுத்து 14 நாட்களுக்குள் கருத்து வராவிட்டால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும் என்றும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களில் கடைசித் தவணை சிக்கிக்கொள்வது அந்த இடத்தில்தான். வரைவை வாசிக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை, வாசிக்காமல் இறுதி அறிக்கை இல்லை, இறுதி அறிக்கை இல்லாமல் கொடுப்பனவும் இல்லை. சட்டத்திலும் எழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு. நம் காலாவதிச் சட்டப்படி எழுத்துமூல ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடர 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. வாய்ப்பேச்சுக்கு அவகாசம் அதைவிட மிகக் குறைவு.

வேலை முடிந்தும் பணம் வராவிட்டால்?

கேட்க வேண்டும். கேளாத கடன் பாழ் என்று தெரிந்துகொண்டே கேட்காமலிருப்பவர்கள்தாம் நாம். பட்டியல் கொடுத்த நாளிலேயே நாட்காட்டியில் 30ஆவது நாளைக் குறித்து வைத்து, அன்று காலையில் அழைத்து, கோபமில்லாமல், சுற்றி வளைக்காமல், பட்டியல் இலக்கத்தையும் தொகையையும் சொல்லிக் கேட்கிறேன். குடும்ப நலம் விசாரித்துவிட்டு மெதுவாகப் பணத்துக்கு வருவது எனக்கும் முன்பு பழக்கமாக இருந்தது. அப்படிப் பேசினால் அவரும் நலம் விசாரிப்போடு அழைப்பை முடித்துவிடுவார். நிறுவனங்களில் உங்களை அழைத்து வேலை தந்த அலுவலரோடு மட்டும் பேசிப் பயனில்லை. கணக்குப் பகுதியில் காசோலை எழுதுபவர் யார் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தவணைகளை ஒப்பமிடும்போது 30, வரைவுக்கு 40, முடிவில் 30 சதவீதம் என்று பிரித்தால், வரைவுத் தவணை கைக்கு வந்த பின் இழக்கக்கூடியது மூன்றிலொரு பங்குக்குள் நிற்கும்.

பதிவும் வரியும் எப்படி?

தனியொருவராகவோ பங்காளர்களாகவோ ஒரு வியாபாரப் பெயரில் நடத்துவதாயின், தொழில் நடக்கும் இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் அப்பெயரைப் பதிய வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதிவதில் நன்மைகள் உண்டு. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கடமைகளும் அதோடு வரும் என்பதால், தொடக்கத்தில் பெரும்பாலானோருக்கு அது தேவையில்லை.

தனிநபருக்கு ஆண்டுக்கு 1,800,000 ரூபா வரை வருமான வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 1,000,000 ரூபாவுக்கு 6 சதவீதம், பின்னர் படிப்படியாக 36 சதவீதம் வரை ஏறும். ஆலோசனைக் கட்டணம் மாதம் 100,000 ரூபாவுக்கு மேற்பட்டால், கொடுப்பவர் 5 சதவீதத்தை நிறுத்திவைத்தல் வரியாகக் கழித்துவிட்டு மிகுதியைத் தருவார். 200,000 ரூபாவுக்குப் பட்டியல் கொடுத்து 190,000 கிடைத்ததைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைத்த ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். கழிக்கப்பட்ட தொகை உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும் வரி. அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, ஆண்டு வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டை வரித் திணைக்களத்துக்கு அனுப்பும்போது, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வரிமதிப்பாண்டு மார்ச் 31இல் முடிகிறது, விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். இடையில் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் தவணை வரி கட்ட வேண்டும். வரும் ஒவ்வொரு கொடுப்பனவிலும் பத்தில் ஒன்றை வேறொரு வங்கிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள், தவணை நாளில் தவிக்க வேண்டியிராது.

சிங்களமும் ஆங்கிலமும் எந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்?

2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய எந்தச் சமூகமும் பாதியை எட்டாத மாவட்டம் இது. காலையில் மூதூரில் தமிழிலும், மாலையில் கந்தளாயில் சிங்களத்திலும் ஒரே விடயத்தைக் கேட்டறிந்து, இரவில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டி வரும். ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். சிங்களத்தில் ஒருவர் சொல்வதை இடைமறிக்காமல் விளங்கிக்கொள்ளத் தெரிந்தால் போதும், பேச்சில் தடுமாறினால் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்த நேர்காணல்களில் எனக்கு எப்போதும் குறைவாகவே கிடைத்திருக்கிறது. பத்து நிமிடம் ஒரு பெண்மணி பேசியதை, "பிரச்சினை இல்லையாம்" என்று இரண்டே சொல்லில் மொழிபெயர்த்துத் தந்த அனுபவமும் உண்டு.

இதற்குள்ளேயே இன்னொரு பயிற்சியும் அடங்கியிருக்கிறது. எங்கள் ஆட்கள், அவர்கள் ஆட்கள் என்று பிரித்துப் பேசும் ஆலோசகரை இங்கே எந்தத் தரப்பும் நெடுநாள் வைத்திருக்காது. ஒரு தரப்பின் வீட்டில் கேட்டதை மறு தரப்பின் வீட்டில் சொல்லாதிருப்பது, படிப்பு எதுவும் தராத தகுதி.

வாடிக்கையாளர் கேட்க விரும்பாத உண்மையை எப்படிச் சொல்வது?

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நிலாவெளியில் 12 அறைகள் கொண்ட விடுதி கட்டத் தீர்மானித்து, படமும் வரைந்து முடித்து, வங்கிக்கான அறிக்கைக்கு மட்டும் என்னிடம் வந்தார். ஆண்டு முழுவதும் நூற்றுக்கு அறுபது அறைகள் நிரம்பும் என்பது அவர் கணக்கு. அதாவது 2,628 அறை இரவுகள். இந்தக் கரையில் வெளிநாட்டுப் பயணிகளின் பருவம் மே முதல் செப்டெம்பர் வரைதான். வாடைக்காற்றும் மாரி மழையும் தொடங்கினால் கடலில் இறங்க முடியாது, புறாத்தீவுக்குப் படகும் போகாது. பருவத்தின் 150 இரவுகளுக்கு அதே அறுபது வீதம் போட்டால் 1,080 அறை இரவுகளே வந்தன. வார இறுதியில் வரும் உள்ளூர்ப் பயணிகளைத் தாராளமாகச் சேர்த்துப் பார்த்தும் கடன் தவணைக்குக் காணவில்லை. ஆறு அறைகளோடு தொடங்கினால் தாங்கும் என்று கணக்குக் காட்டியது.

இதை எங்கே, எப்போது சொல்வது என்பதுதான் திறமை. அவரது மனைவியும் கட்டட ஒப்பந்தகாரரும் உடனிருந்த கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. தனியாக ஒரு காலை நேரம் கேட்டு, கட்டப்போகும் காணியிலேயே அவரைச் சந்தித்தேன். கருத்து எதையும் முன்வைக்காமல் அவரது எண்ணையும் என் எண்ணையும் ஒரே தாளில் அருகருகே எழுதிக் காட்டினேன். பிறகு அவர் நெடுநேரம் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று மாலையே சொன்னதைக் கடிதமாகவும் அனுப்பினேன். எழுத்தில் இல்லாத எச்சரிக்கையைப் பிறகு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அவர் என் அறிக்கையை ஏற்கவில்லை. வேறொருவரிடம் தனக்கு வேண்டிய எண்களோடு எழுதி வாங்கிக்கொண்டார். எனக்குரிய இரண்டாம் தவணையை மட்டும் சரியாகக் கொடுத்தார்.

இத்தகைய முடிவைத் தாங்கும் மனம் வேண்டும். கேட்ட எண்ணை எழுதிக் கொடுத்திருந்தால் மூன்றாம் தவணையும் வந்திருக்கும், வங்கியில் என் அறிக்கைகளுக்கு இருக்கும் மதிப்பு போயிருக்கும். ஒரு கிளையில் உங்கள் அறிக்கை பிழைத்தால், மறுவாரம் நகரத்தின் எல்லாக் கிளைகளுக்கும் அது தெரிந்துவிடும்.

எந்த மாதங்களில் வேலை வரும், எப்போது வராது?

இந்த மாவட்டத்தின் நாட்காட்டி தெரியாமல் வேலைத்திட்டம் போடுபவர் அலைந்து களைப்பார். விடுதிக்காரர்களுக்கு ஜூலை, ஓகஸ்டில் உங்களோடு உட்கார நேரமில்லை. அவர்களை ஒக்டோபருக்குப் பிறகு பிடியுங்கள். தம்பலகாமம் பக்கம் பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் விவசாயிகளைக் கூட்டத்துக்கு அழைப்பது வீண். ரமழானில் கிண்ணியாவிலும் மூதூரிலும் சந்திப்புகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலை எந்த மாதத்திலும் தொடாதீர்கள். அரச நிதியாண்டு டிசம்பரில் முடிவதால், திணைக்களங்களின் வேலைகள் ஒக்டோபரிலிருந்து ஒரேயடியாகக் குவியும். அப்போதுதான் மாரி மழையும் தொடங்கி, ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் வெள்ளம் வரும். களவேலையைச் செப்டெம்பருக்குள் முடித்துவிட்டு, மழைக்காலத்தில் வீட்டிலிருந்து எழுதும்படி ஒப்பந்தத் திகதிகளைப் பேசிக்கொள்வது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை வருமானம் மெலிந்திருக்கும். அந்த மூன்று மாதச் செலவு வங்கியில் இல்லாமல் ஆண்டைத் தொடங்காதீர்கள்.

இருக்கும் வேலையை விட்டுவிட்டுத் தொடங்கலாமா?

ஆறு மாதக் குடும்பச் செலவும், காசு கொடுத்து உங்களிடம் வேலை வாங்கிய இரண்டு வாடிக்கையாளர்களும் இருந்தால் விடலாம். "தருவேன்" என்று சொன்னவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அரச உத்தியோகத்தர்கள் பதவியில் இருந்துகொண்டே தனிப்பட்ட வேலை எடுப்பதற்கு முன் தத்தம் திணைக்கள அனுமதி விதிகளைப் பார்க்க வேண்டும்.

அலுவலகம் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். வாடிக்கையாளரின் இடத்துக்கே போங்கள்; அவரது கடையை, ஆலையை, கணக்குப் புத்தகம் எந்த மேசைக்கடியில் கிடக்கிறது என்பதை நேரில் பார்ப்பதே பாதி ஆலோசனை.

கணக்கெடுப்பில் சேகரித்த தகவல்கள் யாருக்குச் சொந்தம்?

அறிக்கை யாருடையது, அதை நீங்கள் வேறெங்கும் மாதிரியாகக் காட்டலாமா என்பதை ஒப்பந்தக் கடிதத்திலேயே தீர்த்துவிடுங்கள். மக்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம் போன்றவற்றுக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு மீனவப் பெண் நுண்கடன் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று உங்களிடம் சொன்னது அடுத்த தெருவுக்குப் போனால் அந்தக் கிராமத்தில் உங்களுக்கு இனி யாரும் கதவு திறக்கமாட்டார்கள். நிரப்பிய படிவங்களை வடைக் கடையில் சுற்றும் கடதாசியாகப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ஒப்படைப்பதை ஒப்படைத்து, மிகுதியை எரித்துவிடுங்கள்.

எனக்குத் தெரியாத துறையில் வேலை வந்தால் ஏற்பதா?

"தெரியாது, தெரிந்தவரைக் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். ஐஸ் ஆலை பற்றிய வேலையில் கணக்குப் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டு, இயந்திரப் பகுதிக்கு ஒரு பொறியியலாளரைச் சங்கத்துக்கு அறிமுகம் செய்தேன். அறிமுகத்துக்குத் தரகு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அவர் சொன்ன இயந்திரம் சரியா என்று சங்கம் கேட்கும்போது நடுநிலையாக என்னால் பதில் சொல்ல முடிந்திராது. அந்தப் பொறியியலாளர் பிறகு எனக்கு மூன்று வாடிக்கையாளர்களை அனுப்பினார்.

எப்போது ஆள் சேர்ப்பது?

மாதச் சம்பளத்துக்கு ஒருவரைச் சேர்க்கும் நாளில் நீங்கள் முதலாளி ஆகிறீர்கள். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும் அவருக்கு நீங்கள் கட்ட வேண்டியவை, வேலை இல்லாத பெப்ரவரியிலும்கூட. களவேலைக்கு நாட்கூலி அடிப்படையில் வளாக மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதே இன்று வரை எனக்குப் போதுமாக இருக்கிறது. அவர்களுக்கு உரிய கூலியைக் களம் முடிந்த அன்று மாலையே, எனக்குப் பணம் வந்ததோ இல்லையோ, கொடுத்துவிடுகிறேன்.